ஜடேஜாவிடம் சம்மதம் கேட்டார்கள், கர்ட் ஃப்ளட்டிடம் கேட்கவில்லை: ஐபிஎல் ஏலத்தைப் புரிந்துகொள்ள ஒரு பேஸ்பால் வீரரின் கதை

2025 நவம்பர் 15. சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்கள் பலருக்கும் அன்றைய செய்தி கசந்தது. ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போகிறார்கள், பதிலுக்கு சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருகிறார் என்று அறிவிப்பு வந்தது. 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்து கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் ஜடேஜா. அவருடைய சம்பளமும் 18 கோடியிலிருந்து 14 கோடி ரூபாயாகக் குறைந்தது.

ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 'இத்தனை வருஷம் ஆடின மனுஷனை இப்படிக் கைமாத்தலாமா?' என்றது ஒரு தரப்பு. 'கோடி கோடியா சம்பளம் வாங்கறாரு, அவருக்கு என்ன குறை?' என்றது இன்னொரு தரப்பு.

இதே இரண்டு கேள்வியும் அதற்கு 56 வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் எழுந்தது. அப்போது நடுவில் நின்றவர் ஒரு பேஸ்பால் வீரர். பெயர் கர்ட் ஃப்ளட். தன்னை வேறு அணிக்கு மாற்றியதை ஏற்க மாட்டேன் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். வழக்கில் தோற்றார், வேலையையும் இழந்தார். ஆனால் இன்று அமெரிக்காவில் விளையாட்டு வீரர்கள் வாங்கும் சம்பளத்துக்கும், அணி மாறும் சுதந்திரத்துக்கும் பாதை போட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

யார் இவர்? என்ன நடந்தது? ஐபிஎல் பார்க்கிற நமக்கும், ஆம்பூர் மாதிரி தொழிலாளர்கள் நிறைந்த ஊருக்கும் இதில் என்ன இருக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த கர்ட் ஃப்ளட்?

1938 ஜனவரி 18 அன்று டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் பிறந்தவர். வளர்ந்தது கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில். ஆறு பிள்ளைகளில் கடைசி. கறுப்பினத்தவர்.

1956-ல் சின்சினாட்டி அணி அவரை ஒப்பந்தம் செய்தது. முதலில் ஆட அனுப்பியது தெற்கு மாநிலங்களில் நடக்கும் சின்ன லீக் போட்டிகளுக்கு. அங்கே நிறவெறிச் சட்டங்கள் அமலில் இருந்த காலம் அது. அணியின் வெள்ளை வீரர்கள் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், இவருக்கு உள்ளே அனுமதி இல்லை. ஒருமுறை ஆட்டம் முடிந்து கழற்றிப் போட்ட இவருடைய சீருடையை, அங்கிருந்த பணியாளர் கையால் தொடாமல் குச்சியால் எடுத்து, கறுப்பர்களுக்கான தனி சலவைக்கு அனுப்பியதாக ஃப்ளட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டில் இரட்டைக் குவளை பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1957 டிசம்பரில் சின்சினாட்டி அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. அப்போது அவருக்கு வயது 19. அடுத்த 12 சீசன் அவர் ஆடியது அந்த அணிக்குத்தான்.

அவுட்ஃபீல்டர்னா என்ன வேலை?

பேஸ்பாலில் ஒரு அணிக்கு ஒன்பது பேர். அதில் மூன்று பேர் மைதானத்தின் தொலைவான பகுதியில் நிற்பார்கள். கிரிக்கெட்டில் பவுண்டரி கோட்டருகே நிற்கும் ஃபீல்டர் மாதிரி. இவர்கள்தான் அவுட்ஃபீல்டர்கள். மூவரில் நடுவில் நிற்பவர் சென்டர் ஃபீல்டர். அதிக தூரம் ஓட வேண்டியவரும் அவரே. ஃப்ளட் நின்றது அந்த இடத்தில்.

அவர் எப்படிப்பட்ட ஃபீல்டர்?

* 1963 முதல் 1969 வரை தொடர்ந்து ஏழு ஆண்டு 'கோல்டு க்ளவ்' விருது வாங்கினார். சிறந்த ஃபீல்டருக்குக் கொடுக்கும் இந்த விருது, தங்க நிறத் தோலில் செய்த ஒரு கையுறை.
* 1966 சீசன் முழுவதும் ஒரே ஒரு பிழைகூடச் செய்யவில்லை. பேஸ்பாலில் கேட்ச் விட்டாலோ, தவறாக எறிந்தாலோ அது பிழையாகக் கணக்கில் ஏறும்.
* தொடர்ந்து 226 ஆட்டங்களில் பிழையே இல்லாமல் ஆடி சாதனை படைத்தார்.
* 1964, 1967 என இரண்டு முறை வேர்ல்ட் சீரிஸ் வென்ற அணியில் இருந்தார்.

ஆனால் விளையாட்டில் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 1968 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம். எதிரணி டெட்ராய்ட் டைகர்ஸ். ஜிம் நார்த்ரப் அடித்த பந்து உயரே வந்தது. ஃப்ளட் அதைத் தப்பாகக் கணித்து முதலில் முன்னால் நகர்ந்தார், பந்து அவரைத் தாண்டிப் பின்னால் போனது. இரண்டு ரன். கார்டினல்ஸ் தோற்றது. அத்தனை வருஷம் பிசகாத கை பிசகியது அந்த ஒரு நாளில்தான் என்று இன்றும் அமெரிக்க ரசிகர்கள் பேசுவதுண்டு.

ஒரு ஃபோன் கால்

அடுத்த ஆண்டு, 1969 அக்டோபரில், அணி நிர்வாக அலுவலகத்திலிருந்து ஃப்ளட்டுக்கு ஒரு ஃபோன் வந்தது. அவரையும் இன்னும் மூன்று வீரர்களையும் பிலடெல்பியா ஃபில்லீஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து மூன்று பேரை வாங்கிக்கொள்வதாகத் தகவல். முதலாளி பேசவில்லை. சம்மதமும் கேட்கவில்லை. முடிவு சொல்லப்பட்டது, அவ்வளவுதான்.

அப்போது அவருடைய ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர். அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய தொகை. வாழ்க்கை, தொழில், நண்பர்கள் எல்லாம் செயின்ட் லூயிஸில் இருந்தது. வயது 31. போக மாட்டேன் என்றார்.

போக மாட்டேன் என்று சொல்வது அவ்வளவு சுலபமா என்றால், இல்லை. அதற்குக் காரணம் 'ரிசர்வ் விதி'.

ரிசர்வ் விதி: ஆம்பூர் கணக்கில் புரிந்துகொள்வோம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் வேலைக்கு ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷத்துக்கு கையெழுத்து. வருஷம் முடிந்ததும், பக்கத்துக் கம்பெனியில் சம்பளம் கூட என்று தெரிந்தால் அவர் அங்கே போகலாம். நோட்டீஸ் கொடுத்துவிட்டு, பிஎஃப் கணக்கை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். பேரணாம்பட்டு போகலாம், ராணிப்பேட்டை போகலாம், பெங்களூருகூட போகலாம்.

பேஸ்பாலில் அப்படி இல்லை. வருஷக் கடைசியில் வீரர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாவிட்டால், பழைய ஒப்பந்தத்தை அணியே இன்னொரு வருஷத்துக்கு நீட்டிக்கொள்ளலாம். அதற்கடுத்த வருஷமும் நீட்டலாம். அதற்கடுத்தும். அதாவது முதல் நாள் போட்ட கையெழுத்து ஓய்வு பெறும் நாள் வரை கட்டிப்போட்டுவிடும். அணி நினைத்தால் வீரரை விற்கலாம், மாற்றலாம், வெளியே அனுப்பலாம். வீரர் நினைத்தால் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும்: ஆட்டத்தையே விட்டுவிடலாம்.

மேலே சொன்ன தொழிலாளியிடம், 'வேறு கம்பெனிக்குப் போகணும்னா, இனிமே ஷூவே தைக்கக்கூடாது' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் ரிசர்வ் விதி. 1879-ல் ஆரம்பித்த பழக்கம் இது.

இது சட்டப்படி செல்லுமா? அமெரிக்காவில் முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து சந்தையை முடக்குவதற்கு எதிராக ஏகபோகத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் 1922-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பேஸ்பால் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்துவிட்டது. 1953-ல் வந்த இன்னொரு வழக்கிலும் அதே நிலைதான். ஃப்ளட்டுக்கு முன்னால் நின்றது இந்தச் சுவர்.

சங்கம் உள்ளே வருகிறது

பேஸ்பால் வீரர்கள் சங்கத்துக்கு 1966-ல் தலைமை ஏற்றவர் மார்வின் மில்லர். அவர் விளையாட்டுக்காரர் இல்லை. இரும்பு, எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார நிபுணராக இருந்து வந்தவர். ஆலைத் தொழிலாளர்களுக்குக் கூலி பேசத் தெரிந்த ஆள்.

ஃப்ளட் அவரைத் தேடிப் போனபோது மில்லர் ஆசை காட்டவில்லை. வழக்கில் தோற்கவே வாய்ப்பு அதிகம் என்றார். ஜெயித்தாலும் பலன் கிடைப்பதற்குள் உங்கள் ஆட்ட வயசு முடிந்துவிடும், பின்னாளில் பயிற்சியாளர் வேலைகூடக் கொடுக்க மாட்டார்கள் என்று எச்சரித்தார். ஃப்ளட் கேட்டது ஒரே கேள்விதான்: இதனால் மற்ற வீரர்களுக்கும், இனி வரப்போகிறவர்களுக்கும் நன்மை இருக்குமா? இருக்கும் என்றார் மில்லர். அது போதும் என்று முடிவெடுத்தார் ஃப்ளட்.

1969 டிசம்பர் 24 அன்று, லீக்கின் தலைமைப் பொறுப்பில் இருந்த போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். 12 ஆண்டு ஆடிய பிறகு, தன் விருப்பம் என்ன என்று கேட்காமல் வாங்கவும் விற்கவும் தான் ஒரு சொத்து இல்லை என்பது அதன் சாரம். மற்ற அணிகளோடு பேச அனுமதி கேட்டார். கூன் மறுத்தார். 1970 ஜனவரியில் வழக்கு போடப்பட்டது.

'90,000 டாலர் வாங்கறவர் அடிமையா?'

கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரிடம் கேட்டார்கள். நல்ல சம்பளம் கொடுத்தாலும் அடிமை அடிமைதான் என்ற பொருளில் ஃப்ளட் பதில் சொன்னார். அந்தப் பதில் அமெரிக்காவில் பலரைக் கோபப்படுத்தியது. பத்திரிகைகளில் பலர் அவரை நன்றி கெட்டவர் என்று எழுதினார்கள்.

கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. சாப்பாட்டுக்கே வழியில்லாத கொத்தடிமையோடு ஒரு பணக்கார விளையாட்டு வீரரை ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் ஃப்ளட் பேசியது கூலியின் அளவைப் பற்றி இல்லை. தன் உழைப்பை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றி. சம்பளம் கூடினால் அந்தக் கேள்வி காணாமல் போய்விடாது.

1970 சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. ஃபில்லீஸ் கொடுக்கத் தயாராக இருந்த பெரிய சம்பளத்தை விட்டார். விசாரணையில் முன்னாள் வீரர்களான ஜாக்கி ராபின்சனும் ஹேங்க் கிரீன்பெர்க்கும் அவருக்காகச் சாட்சி சொன்னார்கள். பெரிய லீக்கில் கறுப்பின வீரர்களுக்கு மூடியிருந்த கதவை 1947-ல் திறந்தவர் ராபின்சன். ஆனால் அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர்களில் ஒருவர்கூட நீதிமன்றப் பக்கம் வரவில்லை. சங்கம் செலவை ஏற்றது, தீர்மானம் போட்டது. ஆனால் முதலாளி கண்ணில் படும்படி வந்து உட்கார யாருக்கும் தைரியம் இல்லை. வேலைநிறுத்தம் நடந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

1971-ல் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்காகத் திரும்பி வந்தார். ஒரு வருஷம் ஆடாத உடம்பு ஒத்துழைக்கவில்லை. நியூயார்க்கில் ஆடப் போனபோது அவருடைய அலமாரியில் யாரோ சாவு வளையம் ஒன்றை வைத்திருந்தார்கள். 13 ஆட்டத்தோடு அவர் பேஸ்பாலை விட்டு வெளியேறினார். வயது 33.

தோற்ற வழக்கு, ஜெயித்த சங்கம்

1972 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் ஃப்ளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேஸ்பாலுக்கு மட்டும் இப்படியொரு விலக்கு இருப்பது முரண்தான் என்று தீர்ப்பே ஒப்புக்கொண்டது. ஆனால் அதை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம் என்று தள்ளிவிட்டது.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏன் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய இடம்.

முதலாவது, வழக்கு நடந்த மூன்று வருஷமும் ரிசர்வ் விதி என்றால் என்ன என்று அமெரிக்கா முழுக்கப் பேசினார்கள். அதுவரை ரசிகர்கள் பலருக்கு அது சரியாகத் தெரியாது. 1973-ல் முதலாளிகள் ஒரு படி இறங்கி வந்தார்கள். பத்து வருஷம் லீக்கில் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்று விதி வந்தது. அந்த விதி 1969-ல் இருந்திருந்தால் ஃப்ளட்டை அவர் சம்மதம் இல்லாமல் மாற்றியிருக்க முடியாது.

இரண்டாவது, நீதிமன்றத்தில் கிடைக்காததைச் சங்கம் பேச்சுவார்த்தை மேஜையில் வாங்கியது. தகராறு வந்தால் இரு தரப்புக்கும் பொதுவான நடுவர் தீர்த்து வைக்க வேண்டும் என்ற ஷரத்தை 1970 ஒப்பந்தத்தில் மில்லர் சேர்த்திருந்தார். பார்க்கச் சின்ன ஷரத்து. 1975-ல் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பந்துவீச்சாளர்கள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் வருஷத்தை ஓட்டினார்கள். பிறகு அந்த நடுவரிடம் போனார்கள். 'ஒரு வருஷம் நீட்டிக்கலாம்' என்றால் ஒரே ஒரு வருஷம்தான், ஆயுசுக்கும் இல்லை என்று நடுவர் பீட்டர் சைட்ஸ் 1975 டிசம்பர் 23 அன்று தீர்ப்பு சொன்னார்.

கிட்டத்தட்ட நூறு வருஷ ரிசர்வ் விதி அன்றோடு உடைந்தது. 1976-ல் புது ஒப்பந்தம். ஆறு வருஷம் ஆடியவர் தன் ஒப்பந்தம் முடிந்ததும் பிடித்த அணிக்குப் போகலாம். இவர்களைத்தான் 'ஃப்ரீ ஏஜென்ட்' என்கிறோம்.

பிறகு சம்பளம் எப்படி மாறியது?

* 1970-ல் ஒரு வீரரின் சராசரி ஆண்டுச் சம்பளம் சுமார் 29,000 டாலர்.
* 1976-ல் சுமார் 51,000 டாலர்.
* 1980-ல் சுமார் 1 லட்சத்து 43 ஆயிரம் டாலர்.
* 2025 சீசன் தொடக்கத்தில் 50 லட்சம் டாலரைத் தாண்டியது.

2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணி ஹுவான் சோட்டோவை 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அன்றைய மதிப்பில் 6,400 கோடி ரூபாய்க்கு மேல். அவரும் ஒரு அவுட்ஃபீல்டர்தான். பல அணிகளோடு பேசி, பிடித்ததைத் தேர்ந்தெடுத்தார். 1969-ல் ஃப்ளட் கேட்டது அந்த உரிமையைத்தான்.

வீரர்களுக்கு சுதந்திரம் கொடுத்தால் ஆட்டமே அழிந்துவிடும் என்று அணி முதலாளிகள் அன்று வாதாடினார்கள். ஆட்டம் அழியவில்லை. வருமானம் பல மடங்கு வளர்ந்தது.

ஃப்ளட்டுக்கு என்ன கிடைத்தது?

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். ஃப்ளட்டுக்கு அந்தப் புறங்கைத் தேனும் கிடைக்கவில்லை. ஸ்பெயினின் மயோர்கா தீவில் சில வருஷம் பார் நடத்தினார். குடிப்பழக்கத்தில் விழுந்தார், கடனில் சிக்கினார். பிறகு மீண்டு ஓக்லாந்து திரும்பி, சிறுவர் பேஸ்பாலோடு தொடர்பில் இருந்தார்.

1997 ஜனவரி 20 அன்று, 59-வது பிறந்தநாள் முடிந்து இரண்டாம் நாள், தொண்டைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த அவர் இறந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் 'கர்ட் ஃப்ளட் சட்டம்' கொண்டுவந்தது. பெரிய லீக் வீரர்களின் வேலை விஷயத்தில் பேஸ்பாலுக்கு இருந்த விலக்கை அது நீக்கியது. அவருடைய பெயரில் சட்டம் வந்தபோது பார்க்க அவர் இல்லை. சங்கத் தலைவர் மில்லருக்கு, அவர் இறந்த பிறகு, பேஸ்பாலின் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் கிடைத்தது. 2025 வரை ஃப்ளட்டின் பெயர் அதில் ஏறவில்லை.

சரி, ஐபிஎல்லில் நிலைமை என்ன?

இப்போது ஜடேஜாவுக்கு வருவோம். ஃப்ளட்டுக்கும் அவருக்கும் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. ஐபிஎல் டிரேடுக்கு வீரரின் சம்மதம் வேண்டும். 2025-ல் ஜடேஜாவை அவர் சம்மதம் இல்லாமல் ராஜஸ்தானுக்கு அனுப்பியிருக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் ஐபிஎல், 1969 பேஸ்பாலைவிட முன்னால் நிற்கிறது.

ஆனால் படத்தின் மற்ற பகுதி வேறு.

ஒன்று, ஏலம். ஏலத்தில் பெயர் கொடுக்கும் வீரர் எந்த ஊர், எந்த அணி என்று தேர்வு செய்ய முடியாது. அதிகத் தொகை கேட்ட அணிக்குப் போக வேண்டும். மாட்டேன் என்றால் தண்டனை உண்டு. டெல்லி கேபிடல்ஸ் எடுத்த இங்கிலாந்தின் ஹாரி புரூக் 2025 சீசனிலிருந்து விலகியதற்கு இரண்டு வருஷம் தடை விதிக்கப்பட்டது.

இரண்டு, நேரடிப் பேச்சு. இதில் ஜடேஜாவுக்கே பழைய அனுபவம் இருக்கிறது. 2008, 2009-ல் ராஜஸ்தான் அணியில் ஆடிய அவர், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேச முயன்றார் என்று 2010 சீசன் முழுக்க இடைநீக்கம் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு 21 வயது. ஃப்ளட் அனுமதி கேட்டு மறுக்கப்பட்ட அதே செயல்தான் அது.

மூன்று, வேறு வாசல் இல்லாதது. இந்தியாவில் ஆடிக்கொண்டிருக்கும் ஆண் வீரர்கள் வெளிநாட்டு டி20 லீக்கில் ஆட பிசிசிஐ அனுமதிப்பதில்லை. நம்ம ஊர் ரவிச்சந்திரன் அஸ்வினை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லிலிருந்தும் ஓய்வு அறிவித்த பிறகுதான் ஆஸ்திரேலிய பிக் பாஷ் லீக்கில் ஒப்பந்தம் போட முடிந்தது. தினேஷ் கார்த்திக்கும் ஓய்வு பெற்ற பிறகே தென்னாப்பிரிக்க லீக்கில் ஆடினார். மற்ற நாட்டு வீரர் ஒருவர் ஒரே வருஷத்தில் மூன்று, நான்கு லீக் ஆட முடியும். இந்திய வீரருக்கு ஒரே லீக். ஒரே ஒரு வாங்குபவர் கூட்டம் மட்டும் இருக்கிற சந்தையில் விலையை யார் தீர்மானிப்பார்கள் என்று வியாபாரம் தெரிந்த யாரும் சொல்லிவிடுவார்கள்.

நான்கு, சங்கம். இந்தியாவில் 2019-ல் உருவான கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குச் சங்கம் இல்லை. ஏல விதி, சம்பள வரம்பு, தடை ஆகியவற்றை வீரர்கள் சார்பில் உட்கார்ந்து பேச மார்வின் மில்லர் மாதிரி ஒருவர் இங்கே இல்லை.

18 கோடி, 14 கோடி வாங்குகிறவர்களைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? நியாயமான கேள்வி. ஆனால் ஏலத்தில் குறைந்தபட்ச விலைக்குப் போகிற, அல்லது விலையே போகாத இளம் வீரர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். விதிகள் அவர்களுக்கும் ஒன்றே. நட்சத்திர வீரருக்குப் பேரம் பேசும் பலமாவது இருக்கும், அவர்களுக்கு அதுவும் இல்லை.

ஆம்பூருக்கு இதில் என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல், ஷூ கம்பெனிகளை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெண்களே அதிகம். காலையில் கிராமம் கிராமமாகக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிப் போகும். இவர்கள் வாங்கும் கூலிக்கும் ஐபிஎல் சம்பளத்துக்கும் தூரம் அதிகம். ஆனால் கம்பெனி மாறும் உரிமை என்ற விஷயத்தில், காகிதத்தில் பார்த்தால் தொழிலாளியின் நிலை ஐபிஎல் வீரரைவிட மேல்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27 சொல்வது இதுதான்: ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வேலையை விட்ட பிறகு 'இந்த வட்டாரத்தில் வேறு கம்பெனியில் சேரக்கூடாது' என்று எழுதி வாங்கினாலும் அது பொதுவாக நிற்காது.

அதைவிட முக்கியமானது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். 1976-ல் நிறைவேறி, 1975 அக்டோபர் 25 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடப்பட்டது. அமெரிக்காவில் ரிசர்வ் விதி உடைந்ததும் அதே இரண்டு மாதத்துக்குள்தான் என்பது தற்செயல். அட்வான்ஸ் வாங்கியதற்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழப்பதும் கொத்தடிமை முறையின் அடையாளம் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. குறைந்த கூலி மட்டும் அடையாளம் இல்லை. வேலூர் வட்டாரத்தில் பீடித் தொழிலில் அட்வான்ஸ் கொடுத்துப் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட காலம் இருந்தது. 'அட்வான்ஸ் தீரட்டும், அப்புறம் போ' என்ற பேச்சு எங்கே கேட்டாலும் அது சட்டத்துக்கு எதிரான பேச்சு என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. புகார் கொடுக்க வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அல்லது கோட்டாட்சியர் அலுவலகம்.

ஆனால் உரிமை காகிதத்தில் இருந்தால் மட்டும் போதுமா? போவதற்கு இன்னொரு கேட் திறந்திருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, பாதிக்கப்பட்ட தொழில்களில் தோலும் காலணியும் இருந்தன. ஆர்டர் குறைகிற நேரத்தில் பக்கத்துக் கம்பெனியிலும் ஆள் எடுக்க மாட்டார்கள். அப்போது கம்பெனி மாறும் உரிமை இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒரே லீக் இருக்கிற இந்திய கிரிக்கெட் வீரரின் பிரச்னையும் அதுவே. சட்டம் ஒருவரை வெளியே விடலாம். அடுத்த வேலையை அது கொடுக்காது. அந்த இடைவெளியில்தான் சங்கமும் கூட்டுப் பேரமும் தேவைப்படுகின்றன. ஃப்ளட் நீதிமன்றத்தில் தோற்றதையும், மூன்று வருஷம் கழித்து சங்கத்தோடு போனவர்கள் ஜெயித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

அடுத்த ஏலத்தில் எதைக் கவனிக்கலாம்?

யார் எத்தனை கோடிக்குப் போனார் என்பது எப்படியும் எல்லா சேனலிலும் வரும். அதோடு இந்த மூன்றையும் கவனித்துப் பாருங்கள்.

1. அணி மாறிய வீரரிடம் சம்மதம் கேட்கப்பட்டதா, அல்லது அறிவிப்பு மட்டும்தானா?
2. விலகிய வீரருக்கு என்ன தண்டனை? அவரை வாங்கிவிட்டு இடையில் கழற்றிவிடும் அணிக்கு என்ன தண்டனை?
3. விதியை எழுதும்போது வீரர்கள் தரப்பில் மேஜையில் யாராவது உட்கார்ந்தார்களா?

1969-ல் இந்த மூன்று கேள்விக்கும் அமெரிக்க பேஸ்பாலில் பதில் கிடையாது. இன்று அங்கே மூன்றுக்கும் பதில் எழுத்தில் இருக்கிறது. இங்கே இதுவரை முதல் கேள்விக்கு மட்டும்தான் தெளிவான பதில் இருக்கிறது.